எந்த மாரியோ ஒரிஜினல்?

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக தர்மபுரி போயிருந்தேன். முகூர்த்தம் விடியற்காலையிலேயே முடிந்துவிட்டது. கூட வந்தவர்கள் வேன் பிடித்து ஒகேனக்கல் கிளம்பிவிட்டார்கள். நான் போகவில்லை. அருவி பார்த்தாயிற்று, மீன் சாப்பிட்டாயிற்று, எண்ணெய் மசாஜுக்கு உடம்பு ஒத்துழைக்காது. போதாக்குறைக்கு போனில் சார்ஜ் நிற்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின் தெருவில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் கொடுத்தேன். "பாட்டரி மாத்தணும் சார், ஒரு மணி நேரம் ஆகும், உக்காருங்க" என்றார் கடைக்காரர்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் அந்தப் பட்டிமன்றம் நடந்தது.

கடையில் இருந்தவர்கள் மூன்று பேர். கடைக்காரர், பக்கத்து ஹைஸ்கூலில் கணக்குப் பாடம் எடுக்கும் வாத்தியார், பாலக்கோட்டுத் தக்காளி வியாபாரி ஒருவர். மூவருக்கும் நாற்பது வயசுக்குப் பக்கம். ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு என்று பின்னால் தெரிந்தது. அரசியலாக இருக்கும், சினிமாவாக இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

"விஷக் காளான் வரும் பாரு, அதுதான்டா ஒரிஜினல் மாரியோ டூ" என்றார் கடைக்காரர்.

"போடா. காய் புடுங்கி எறியறதுதான் டூ. டி.வி.யிலேயே பேர் வரும்."

"ரெண்டும் கிடக்கட்டும். மாரியோ ஃபோர்ட்டீன்னு ஒண்ணு இருந்துச்சே, அதை ஏன்டா கணக்குலயே சேக்க மாட்டேங்கறீங்க?" இது தக்காளிக்காரர்.

கல்லாவுக்குப் பின்னால் கடைக்காரரின் மகன், எட்டாம் வகுப்பு, ஹோம்வொர்க்கிலிருந்து தலையைத் தூக்காமல் தீர்ப்புச் சொன்னான்: "அப்பா, நீங்க ஆடினது எல்லாமே டூப்ளிகேட்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பையன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் மூன்று பேர் முகத்திலும் ஒரு சின்ன அடி விழுந்ததைப் பார்த்தேன். 'நீங்க சின்ன வயசுல சந்தோஷமா இருந்தீங்களே, அதுவும் போலி' என்று சொன்ன மாதிரி. பஸ் ஏறியும் இது மண்டையிலேயே நின்றது. அதனால்தான் இந்த வாரம் இது.

*

மாரியோவைத் தெரியாதவர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். இரண்டு பாராவில் அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

தொப்பி, மீசை, ஜம்பம் இல்லாத ஒரு குண்டு மனிதர். 1981-ல் ஜப்பானின் நிண்டெண்டோ கம்பெனி வெளியிட்ட 'டாங்க்கி காங்' ஆட்டத்தில் பிறந்தவர். 1985 செப்டம்பரில் ஷிகெரு மியாமோட்டோ, தகாஷி தெஸுகா இருவரும் சேர்ந்து அவரை வைத்துச் செய்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' உலகத்தைப் பிடித்தது. நான்கு கோடிக்கு மேல் விற்றது. எட்டு உலகம், உலகத்துக்கு நாலு கட்டம், மொத்தம் முப்பத்திரண்டு. ஓட வேண்டும், தாண்ட வேண்டும், எதிரி தலையில் மிதிக்க வேண்டும், கடைசியில் ராட்சச ஆமையிடமிருந்து இளவரசியை மீட்க வேண்டும். கதை என்று பார்த்தால் சுந்தர காண்டத்தில் கால்வாசி கூடத் தேறாது.

பின் எதில் இருக்கிறது சூட்சுமம்? தாவலில். பட்டனை லேசாகத் தட்டினால் சின்னத் தாவல். அழுத்திப் பிடித்தால் பெரிய தாவல். ஓடி வந்து தாவினால் இன்னும் உயரம், இன்னும் தூரம். காற்றில் இருக்கும்போதே கொஞ்சம் முன்னே பின்னே நகரலாம். ஓட்டத்தை நிறுத்தினால் கால் சறுக்கி நிற்கும். அரை மணி நேரத்தில் அந்தக் கனம் உங்கள் கட்டை விரலுக்குப் பழகிவிடுகிறது. அப்புறம் முதல் கட்டத்தைக் கவனியுங்கள். முதல் காளான் வெளியே வந்து வலப்பக்கம் ஓடும், குழாயில் முட்டும், திரும்பி உங்களிடமே வரும். பயந்து விலகினாலும் பெரும்பாலும் மேலே பட்டுவிடும். பட்டால் மாரியோ பெரிசாகிறார். 'பயப்படாதே, இது நல்லது' என்பதை ஒரு வார்த்தை இல்லாமல் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார்த்தனம் அது. கண்டிப்பு உண்டு; வன்மம் இல்லை.

இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: தாவலின் கனம், வன்மமில்லாத கண்டிப்பு. தர்மபுரி வழக்குக்கு இவைதான் சாட்சி.

*

முதலில் கடைக்காரர் கட்சி. விஷக் காளான்.

அவர் சொல்வது வரலாற்றுப்படி நூற்றுக்கு நூறு சரி. ஜப்பானில் 1986 ஜூனில் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2' என்ற பெயரில் வந்தது அதுதான். கேசட்டாக இல்லை, ஃபிளாப்பி மாதிரியான டிஸ்கில் வந்தது. முதல் மாரியோவைக் கரைத்துக் குடித்தவர்களுக்காகச் செய்தது. பார்க்க அச்சு அசல் முதல் ஆட்டம் போலவே இருக்கும். உள்ளே போனால்தான் தெரியும் சங்கதி. முதல் கட்டத்திலேயே விஷக் காளான். தாவும்போது தலையில் இடித்துப் பள்ளத்தில் தள்ளுவதற்கென்றே கண்ணுக்குத் தெரியாத செங்கல். மூன்றாம் உலகத்தில் ஒரு ரகசிய வழி இருக்கிறது; கஷ்டப்பட்டுக் கண்டுபிடித்து நுழைந்தால் உங்களை முதல் உலகத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். தாலுகா ஆபீசில் மூன்றாவது ஜன்னல் வரை போனவரைத் திரும்ப முதல் ஜன்னலுக்கு அனுப்புவது போல.

நிண்டெண்டோவின் அமெரிக்கக் கிளையில் ஆட்டங்களைப் பரிசோதித்துக்கொண்டிருந்த ஹோவர்ட் ஃபிலிப்ஸ் இதை ஆடிப் பார்த்து நொந்துபோனார். இது வேண்டாம், அமெரிக்கப் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று முடிவானது. 1993-ல் 'தொலைந்த கட்டங்கள்' என்று பொருள்படும் பெயரில் ஒரு தொகுப்புக்குள் சேர்ந்துதான் அது அமெரிக்கா போயிற்று.

கஷ்டமான ஆட்டம் என்பதற்காக நான் அதைக் குறை சொல்லவில்லை. தேர்ந்த ஆட்டக்காரனுக்கு அதில் நல்ல தீனி இருக்கிறது. மாரியோவின் தம்பி லூயிஜி அண்ணனைவிட உயரத் தாவுவார், ஆனால் நிற்கச் சொன்ன இடத்தில் நிற்காமல் வழுக்குவார் என்ற குணபேதமே இதில்தான் ஆரம்பித்தது. என் புகார் வேறு. முதல் ஆட்டம் கற்றுக்கொடுத்த நம்பிக்கையை இது மூலதனமாக எடுத்து ஆட்டக்காரனையே ஏமாற்றுகிறது. காளான் நல்லது என்று சொல்லிக்கொடுத்த வாத்தியாரே காளானில் விஷம் வைக்கிறார். மியாமோட்டோவும் தெஸுகாவும் செய்ததுதான், பெயரும் அதிகாரபூர்வமானதுதான், தாவலும் அதே தாவல்தான். ஆனால் மனசு மாறிவிட்டது.

*

அடுத்தது வாத்தியார் கட்சி. காய் பிடுங்கி எறிகிறது.

இதன் ஜாதகம் சுவாரஸ்யமானது. 1987-ல் ஜப்பானின் ஃபுஜி டெலிவிஷன் 'கனவுத் தொழிற்சாலை' என்று பொருள்படும் ஒரு பெரிய திருவிழா நடத்தியது. அதன் விளம்பரத்துக்காக, தலைப்பாகையும் அரபு நாட்டு உடையுமாக ஒரு குடும்பத்தை வைத்து நிண்டெண்டோ ஒரு ஆட்டம் செய்து கொடுத்தது. பெயர் 'டோக்கி டோக்கி பேனிக்'. அப்பா, அம்மா, பையன், பெண் என்று நாலு பேர். மாரியோ மருந்துக்கும் கிடையாது. விஷக் காளானை வேண்டாம் என்ற அமெரிக்கக் கிளைக்கு அவசரமாக ஒரு இரண்டாம் பாகம் தேவைப்பட்டது. என்ன செய்தார்கள்? அந்தக் குடும்பத்தின் தலைகளை எடுத்துவிட்டு மாரியோ, லூயிஜி, இளவரசி, காளான் தலையன் டோட் என்று நாலு தலைகளை வைத்தார்கள். 1988 அக்டோபரில் அமெரிக்காவில் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2' ஆகிவிட்டது. அதே மாதம் ஜப்பானில் மூன்றாம் பாகமே வெளியாகிவிட்டது என்பது கூடுதல் வேடிக்கை.

இதில் எதிரி தலையில் மிதித்தால் அவன் சாகமாட்டான். ஜம்மென்று அவன் தலைமேல் நின்று சவாரி போகலாம். தரையில் முளைத்திருப்பதைப் பிடுங்கினால் ஒரு முள்ளங்கி வரும். அதை எறிந்துதான் சண்டை. கடைசி வில்லன் ஒரு பெரிய தவளை. அவனுக்குக் காய்கறி ஆகாது. வாயைத் திறக்கும்போது காயை உள்ளே வீசினால் செத்துப்போவான். முடிவில் மாரியோ கட்டிலில் படுத்துத் தூங்குகிறார். அத்தனையும் கனவு.

"நம்ம ஜில்லாக்காரன் ஆட வேண்டிய மாரியோ அதுதாங்க" என்றார் வாத்தியார். "காய் புடுங்கறதும் எறியறதும்தான் வேலையே." பாலக்கோட்டில் தக்காளி விலை படுக்கிற நாட்களில் கூடை கூடையாக ரோட்டில் கொட்டிவிட்டுப் போகிற விவசாயிகளை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். தக்காளிக்காரர் சிரிக்கவில்லை.

வாத்தியாரிடம் இன்னொரு ஆதாரமும் இருந்தது. அவர் ஆடிய கேசட்டில் டி.வி.யில் பெயரே 'சூப்பர் மாரியோ யு.எஸ்.ஏ.' என்று வருமாம். அமெரிக்காவே சர்டிபிகேட் கொடுத்த பிறகு அப்பீல் ஏது என்பது அவர் வாதம். உண்மை கொஞ்சம் வேறு. அமெரிக்காவில் வந்த இந்த ஆட்டத்தை 1992-ல் ஜப்பான் திருப்பி இறக்குமதி செய்தபோது வைத்த பெயர் அது. ஆக, தர்மபுரிக்கு வந்தது அமெரிக்கப் பொருள் அல்ல. அமெரிக்கா போய்விட்டு வீடு திரும்பிய ஜப்பானியப் பொருளின் காப்பி. நம் மாப்பிள்ளைகள் மாதிரி.

இப்போது விமர்சனம். பிறப்பைப் பார்த்தால் இது மாரியோவே இல்லை. ஒட்டுத்தலை. ஆனால் ஆடிப் பாருங்கள். இளவரசி காற்றில் மிதப்பார். லூயிஜி காலை உதறிக்கொண்டு உயரப் போவார். டோட் சரசரவென்று காயைப் பிடுங்குவார். மாரியோ எல்லாவற்றிலும் நடுத்தரம். ஒரே கட்டத்தை நாலு பேரை வைத்து நாலு விதமாகக் கடக்கலாம். ஆட்டம் முழுக்க ஒரு விஷமச் சிரிப்பு இருக்கிறது; வன்மம் இல்லை. தலைதான் ஒட்டு, மனசு அசல். இதன் இயக்குநர் கென்சுகே டனாபே 2011-ல் ஒரு பேட்டியில், டோக்கி டோக்கிக்கே விதை மாரியோ பாணியில் மேல்நோக்கி ஏறுகிற ஒரு சோதனை முயற்சிதான் என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் பெரியப்பா வீட்டில் வளர்ந்த பிள்ளை சொந்த வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

குடும்பமும் அதை ஏற்றுக்கொண்டது. இதில் வந்த முகமூடிக்காரன் ஷை கை, நடக்கும் வெடிகுண்டு பாப்-ஆம் எல்லாரும் பின்னால் வந்த மாரியோக்களில் நிரந்தர உத்தியோகஸ்தர்கள். 2013-ல் வந்த 'சூப்பர் மாரியோ 3டி வேர்ல்டு' இதே நாலு பேரை, ஏறக்குறைய இதே குணங்களுடன் திரும்பக் கொண்டுவந்தது. ஒட்டுத்தலை ஆட்டம் வரலாறாகிவிட்டது.

*

பேச்சு சூடு பிடித்ததில் வாத்தியார் நாலாவது ஒன்றையும் இழுத்துவந்தார். பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்த மாமா பையன் கையில் ஒரு கேம் பாய் இருந்ததாம். மங்கிய பச்சைத் திரை. அதற்குள் கட்டெறும்பு சைஸில் ஒரு மாரியோ. பத்து நிமிஷம் தருவதற்கு மாமா பையன் பத்து சீதாப்பழம் கேட்டானாம்.

அது 'சூப்பர் மாரியோ லேண்டு'. 1989 ஏப்ரலில் கேம் பாயுடன் சேர்ந்தே ஜப்பானில் வந்தது. மியாமோட்டோவுக்கு இதில் சம்பந்தம் இல்லை. தயாரித்தவர் குன்பெய் யோகோய், இயக்கியவர் சதோரு ஒகாடா. யோகோய் ஒரு தனிப் பிறவி. புத்தம்புதுத் தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாமல், பழசாகி விலை குறைந்த பாகங்களை எடுத்துப் புதுவிதமாக உபயோகிப்பது அவர் சித்தாந்தம். கலர் இல்லாத கேம் பாய் அப்படி வந்ததுதான். நம் ரிப்பேர் கடைகளுக்குப் படம் மாட்டி மாலை போடலாம்.

ரசிகர்களிடையே இந்த மாரியோவுக்கு மதிப்புக் குறைவு. பன்னிரண்டே கட்டம். ஆமையை மிதித்தால் ஓடு வெடித்துவிடுகிறது. நெருப்புக்குப் பதில் ரப்பர் பந்து மாதிரி ஒன்று துள்ளுகிறது. இளவரசி கூட வேறு, டெய்சி. எகிப்து போலொரு நாடு, ஈஸ்டர் தீவின் கல் தலைகள் போலொரு நாடு, நடுவில் நீர்மூழ்கிக் கப்பல், கடைசியில் விமானம் ஏறி விண்வெளிக்காரனோடு சண்டை. தாவலிலும் பழைய கனம் இல்லை. மேலே போனவர் பொத்தென்று விழுகிறார். என் அளவுகோல்படி இது தோற்க வேண்டும்.

ஆனால் தோற்கவில்லை. ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கு மேல் விற்றது என்பதற்காகச் சொல்லவில்லை. உள்ளங்கைத் திரைக்குள் இவ்வளவுதான் முடியும் என்று தெரிந்து, அதற்குள் ஒரு முழுப் பயணத்தை மடித்து வைத்திருக்கிறார்கள். ஏழை வீட்டுக் கல்யாணம் போல: பந்தி சின்னது, உபசாரத்தில் குறைவில்லை. அளவுகோலைக் கையில் வைத்திருக்கிற விமர்சகன் இந்த மாதிரி சமயங்களில் அதைக் கொஞ்சம் வளைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

*

இனி தக்காளிக்காரர் வழக்கு. இதுதான் கஷ்டமானது, இதுதான் நம்முடையது.

தொண்ணூறுகளில் நம் ஊர்களில் டி.வி. கேம் என்றால் லிட்டில் மாஸ்டர், மீடியா என்று வந்த பெட்டிகள்தான். உள்ளே இருந்தது நிண்டெண்டோ ஃபேமிகாமின் நகல். கூடவே மஞ்சளோ சிவப்போ கலரில் ஒரு கேசட், மேலே '9999 இன் 1'. போட்டுப் பார்த்தால் அதே ஏழெட்டு ஆட்டம் பெயர் மாற்றித் திரும்பத் திரும்ப வரும். முதல் கட்டத்தில் ஆரம்பித்தால் ஒரு பெயர், மூன்றாம் உலகத்தில் ஆரம்பித்தால் இன்னொரு பெயர். எண்ணிக்கையை நம்பி வாங்கிய அப்பாக்கள் பாவம். தர்மபுரிப் பையன்களுக்கு கேசட் வந்தது பெங்களூர் வழியாக. மெஜஸ்டிக் பக்கம் போகிற யாராவது ஒருவர் பையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு வருவார். கடையில் உட்கார்ந்து ஆடினால் மணிக்கு இத்தனை என்று காசு. கரண்ட் போனால் காசு திரும்ப வராது.

இந்த வழியில்தான் 'மாரியோ 14' வந்தது. நிண்டெண்டோ அப்படி ஒன்று செய்யவே இல்லை. ஐரெம் என்ற ஜப்பானியக் கம்பெனி 1993-ல் வெளியிட்ட 'கைகெட்சு யாஞ்சாமாரு 3' என்ற ஆட்டத்தில் நாயகனை எடுத்துவிட்டு மாரியோவை ஒட்டிவிட்டார்கள், யாரோ. இதைப் போல இன்னும் பல. 1991-ல் டைட்டோ கம்பெனி செய்த 'ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' ஆட்டத்தில் கற்கால ஃபிரெட்டின் கழுத்துக்கு மேல் மாரியோ தலையை வைத்து, '7 கிராண்ட் டாட்' என்று பெயர் சூட்டிய ஒரு கேசட்டும் உண்டு. தலையில் மாரியோ தொப்பி, உடம்பில் புலித்தோல், கையில் கதாயுதம். யாருக்குத் தாத்தா, ஏன் ஏழு என்று இன்றுவரை உலகம் யோசித்துக்கொண்டிருக்கிறது.

சிரித்துவிட்டோம், சரி. இப்போது நேர்மையாக ஒரு கேள்வி. அரபுக் குடும்பத்தின் தலையை எடுத்து மாரியோ தலையை வைத்தது நிண்டெண்டோ. ஃபிரெட் தலையை எடுத்து மாரியோ தலையை வைத்தது பெயர் தெரியாத திருடர்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

சட்டப்படி மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒருவர் சொந்த ஆட்டத்தில் கை வைத்தார், மற்றவர் அடுத்தவர் சொத்தில். உழைத்தவர்களுக்குக் காலணா போகவில்லை. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் கலைப்படி வித்தியாசம் வேறிடத்தில் இருக்கிறது. நிண்டெண்டோ தலையை ஒட்டிவிட்டு நிறுத்தவில்லை. நாலு பேரில் யாருக்கு எந்த நடை பொருந்தும் என்று பார்த்தது. ஓடுவதற்குத் தனி பட்டன் வைத்தது. அரபுக் குடும்பத்துக்கு அது கிடையாது. மாரியோ வந்தால் ஓட வேண்டுமே! திருடர்கள் தலையை மட்டும் மாற்றினார்கள். கை கால் எல்லாம் ஃபிரெட்டுடையது. அதனால்தான் அது மாரியோ இல்லை; கம்பெனி முத்திரை இல்லாததால் அல்ல.

மாரியோ 14-க்கு மட்டும் ஒரு வார்த்தை. அதை ரசித்த தக்காளிக்காரர் ஏமாளி அல்ல. அடியில் இருந்த ஐரெம் ஆட்டம் நல்ல ஆட்டம். அவர் ரசனை சரி, லேபிள்தான் தப்பு.

*

தர்மபுரிக்காரர்களுக்கு இது புதுசு அல்ல என்று எனக்குப் படுகிறது. அந்தப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து. அல்லி அரசாணி, பவளக்கொடி, ஏணியேற்றம் என்று அர்ஜுனனை வைத்து எத்தனை கதைகள் நம்மிடம் இருக்கின்றன! வியாசரில் தேடிப் பாருங்கள், ஒன்றும் அகப்படாது. பெரிய எழுத்துப் புத்தகங்களாக அவை விற்றபோது அட்டையில் புகழேந்திப் புலவர் என்று போட்டிருந்தது. நளவெண்பா பாடிய புகழேந்தி அவற்றை எழுதியிருக்க முடியாது என்று தமிழறிஞர்கள் சொல்லிவிட்டார்கள். மாரியோ என்று ஒட்டி விற்ற மாதிரி புகழேந்தி என்று ஒட்டி விற்றிருக்கிறார்கள்.

அதனால் அல்லி போலியாகிவிட்டாளா? அர்ஜுனனையே தவிக்கவிட்ட அந்த மதுரை ராணி மூலத்தில் இல்லாவிட்டாலும் பாரதத்தின் ஜாதிதான். ஆனால் அர்ஜுனன் பெயரைச் சொல்லி எதையாவது ஆடினால் விடிய விடிய முழித்திருக்கும் ஜனம் விடாது. 'இது அர்ஜுனன் பண்ற வேலை இல்லையே' என்று முன்வரிசைக் கிழவி சொல்லிவிடுவாள். அவள் வியாசரைப் படித்தவள் அல்ல. அர்ஜுனனின் நடை அவளுக்குப் பழக்கம்.

*

பாட்டரி மாற்றி முடிந்தது. கிளம்பியிருக்கலாம். கடைக்காரர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். உள்ளே அந்தப் பழைய பெட்டி. இரண்டு கெபாசிட்டர் மாற்றி உயிரோடு வைத்திருக்கிறார். பழைய டப்பா டி.வி. ஒன்றில் மாட்டினார். கேசட்டை வாயால் ஊதிச் சொருகினார். ஊதினால் வேலை செய்யும் என்பது அறிவியல் அல்ல, ஐதீகம்.

முதலில் மாரியோ 14. ஜாய்ஸ்டிக்கை மகனிடம் நீட்டினார். பையன் அசுவாரஸ்யமாக வாங்கினான். அவன் ஆடுவதெல்லாம் சித்தப்பா வீட்டு ஸ்விட்ச்சில், 2023-ல் வந்த 'மாரியோ வொண்டர்'. ஒரு நிமிஷம் ஆடியிருப்பான். "இது மாரியோ இல்லப்பா" என்று கீழே வைத்துவிட்டான்.

"எப்படிடா சொல்ற? தொப்பி இருக்கு, மீசை இருக்கு."

"குதிக்கறது வேற மாதிரி இருக்கு."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். பேசாமல் கேசட்டை மாற்றினார். 9999 இன் 1, முதல் வரிசை, முதல் ஆட்டம். சத்தம் கொஞ்சம் மூக்கால் பாடியது; நகல் பெட்டிகள் பலவற்றில் அந்தக் கோளாறு உண்டு. வாத்தியம் மாறினாலும் ராகம் அதேதான். பையன் முதல் எதிரியை மிதித்தான். காளான் குழாயில் முட்டித் திரும்பி வந்தது. ஓடினான், தாவினான், பள்ளத்தைத் தாண்டினான். ஒன்றும் சொல்லவில்லை. முதல் கொடிக்கம்பத்துக்குப் போய்ச் சேரும்வரை வாயே திறக்கவில்லை.

இந்த ஆட்டம் மொத்தம் 40 கிலோபைட். தினம் காலையில் உங்கள் போனுக்கு வரும் குட்மார்னிங் ரோஜாப்பூ இதைவிடப் பெரியது. காப்பியடித்தவர்கள் அந்த 40 கிலோபைட்டை அப்படியே எடுத்தார்கள். பெட்டி நகல், கேசட் திருட்டு, அட்டைப்படம் பொய். ஆனால் அந்தத் தாவல் கியோட்டோவில் மியாமோட்டோவும் தெஸுகாவும் கணக்குப் போட்டு வைத்த அதே தாவல். காசு வைத்திருந்தாலும் அசல் வாங்கப் பக்கத்தில் கடை இல்லாத ஊரில், மூன்று பையன்களின் கட்டை விரல் அதைச் சரியாகவே கற்றுக்கொண்டது. பெட்டி டூப்ளிகேட், ஆடின ஆட்டம் டூப்ளிகேட் இல்லை.

இனி யாராவது உங்களிடம் எது ஒரிஜினல் என்று கேட்டால் அட்டையைத் திருப்பிப் பார்க்காதீர்கள். ஒரு தடவை குதித்துப் பாருங்கள்.

பாட்டரிக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன். "நானூறு கொடுங்க சார்" என்றார். ஒரிஜினலா என்று கேட்கவில்லை. நாலு வாரமாகிறது, சார்ஜ் நிற்கிறது.